குலுங்காத விதை

கல்யாணமான புதிதில் என் கணவர் என்னைப் பற்றிப் பேசியதைவிட ஒரு மரத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். தேயிலைப் பெட்டிக்குப் பலகை செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு மரம் அளக்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் சாலக்குடிக்குக் கிழக்கே மலைக்காட்டில் சுற்றுவார். உரித்துப் பலகையாக்கத் தோதான மரம் எது, அதன் சுற்றளவு என்ன, எந்த ஓடைப் பக்கம் நிற்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்புவார். குளித்துவிட்டு ஒரு டம்ளர் சாயாவைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிடுவார்.

"கேட்டியா, எழுபது அடிக்கு ஒரு கொப்பு கிடையாது. அண்ணாந்து பாத்தா தலையில இருக்கிற தொப்பி கீழ விழுந்துடும்."

"அதை முதல்ல பாத்திருந்தா எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கவே வந்திருக்க மாட்டீங்க" என்பேன்.

"அது சரிதான்" என்று சிரிக்காமல் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது ஒரு வெள்ளைப் பயின். வெள்ளைக் குங்கிலியம் கொடுக்கிற மரம் என்றால் எல்லோருக்கும் புரியும். மலைக்காட்டில் மற்ற மரங்களுக்கெல்லாம் மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி. மாசி மாதத்தில் வெள்ளையாகப் பூத்தால், மரம் கண்ணில் படுவதற்கு முன்பே வாசனை வந்துவிடும் என்பார். முதல் தடவை பார்த்தபோது அவரும் கம்பெனிக்காரராகத்தான் பார்த்திருக்கிறார். எத்தனை பெட்டிக்கு ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாராம். மூன்றாவது தடவை போனபோது கணக்குப் போட மறந்து, அடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த மரத்தை அவர் நோட்டில் எழுதவே இல்லை. சம்பளம் கொடுக்கிறவனுக்குச் செய்கிற துரோகம் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழர்கள். கடிதம் மலையாளத்தில், சண்டை தமிழில். இதைத் தமிழில் எழுத என் சண்டைக்குணம்தான் துணை. அப்பா ஒரு பண்டகசாலையில் சுக்கும் மிளகும் காயவைக்கிற முற்றத்துக்கு மேஸ்திரியாக இருந்தார். நான் தவழ்ந்ததே மிளகு பரப்பிய பாயில்தான். எந்தச் சரக்கையும் கையில் எடுத்தால் இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். சுக்கை ஒடித்தால் எப்படிச் சத்தம் வர வேண்டும், மிளகைக் கடித்தால் பல்லில் எப்படி உடைய வேண்டும் என்பதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது ரத்தத்தில் ஊறியது.

வைகாசி கடைசியில் இடவப்பாதி மழை தொடங்கினால் மட்டாஞ்சேரியில் சுவர்கூட வியர்க்கும். செருப்பில், அரிசிப் பானையின் மூடியில், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் பூஞ்சணம் பூக்கும். ஜாதிக்காய் பறிக்கிற காலமும் அதேதான். வெயில் கிடையாது என்பதால் அதை அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டில் பரப்பிப் புகைச்சூட்டில் உணக்க, அதாவது காயவைக்க, வேண்டும். சூடு அதிகமானால் உள்ளே எண்ணெய் கக்கிவிடும், குறைந்தால் புழுத்துவிடும். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த குஜராத்திச் சேட்டு, நல்ல ஜாதிக்காய் முழுவதையும் என் அடுப்புக்குத்தான் அனுப்புவார். காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஓட்டுக்குள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். ஆடினால் சரக்கு தயார். என் வீட்டிலிருந்து போன ஒரு காய்கூடத் திரும்பி வந்ததில்லை. இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

ஐம்பதுகள் முடிகிற சமயத்தில், அந்த மரம் நிற்கிற பகுதியையும் வெட்டுக்கு ஒதுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்படி ஒதுக்குகிற காட்டைக் கூப்பு என்பார்கள். கூப்பு திறந்தால் கம்பெனி நோட்டில் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. உரிக்கத் தோதான மரமெல்லாம் கீழே இறங்கும். ஒரு வழி இருந்தது. சில நல்ல மரங்களை விதைக்காக நிறுத்திவைக்கக் காட்டிலாகா ரேஞ்சருக்கு அதிகாரம் உண்டு. என் கணவர் அந்த ரேஞ்சரைப் போய்ப் பார்த்தார். ரேஞ்சர் சொன்னதை வந்து அப்படியே என்னிடம் சொன்னார்.

"'அதோட விதை கையால போட்டா முளைக்காதுடோ. நாங்க சாக்கு சாக்கா கொண்டுபோய்ப் போட்டு நோக்கியாச்சு, ஒண்ணும் வந்தில்ல. முளைக்காததை விதைமரம்னு நிறுத்தி வெச்சா மேல இருக்கிறவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா? நீ முளைப்பிச்சுக் காட்டு. நான் வெட்டக்கூடாதுன்னு வெள்ளை வளையம் அடிச்சு நிறுத்தித் தர்றேன்' அப்படிங்கறார்."

அந்த வருஷம் மரம் காய்த்தது. நல்ல மழையில் என் கணவர் ஒரு சாக்கு நிறைய விதையைச் சுமந்துகொண்டு படகிலிருந்து இறங்கினார். ஒவ்வொன்றும் வாத்து முட்டை அளவு, பழுப்புத் தோல், கையில் எடுத்தால் கனம். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாளே கம்பெனி அவரை நிலம்பூர்ப் பக்கம் பத்து நாள் வேலைக்கு அனுப்பிவிட்டது.

கிளம்பும்போது "நான் வந்து நட்டுக்கறேன். கெடாம பாத்துக்கோ" என்றார்.

கெடாமல் பார்த்துக்கொள் என்று மட்டாஞ்சேரியில் ஒருத்தியிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான் அன்றைக்கே ஈரச்சாக்கைக் கிணற்றடிக்குப் பின்னால் வீசிவிட்டு, விதைகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சேட்டின் ஜாதிக்காயை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடுப்புக்கு மேலே நடுத்தட்டில், நல்ல சூடு படுகிற இடத்தில் இவற்றைப் பரப்பினேன். காலையிலும் மாலையிலும் புரட்டிக் கொடுத்தேன். சரக்கு எனக்குப் புதிது, அதனால் ஜாதிக்காய்க்குக் காட்டுகிற அக்கறையைவிட இரண்டு மடங்கு காட்டினேன். ஒன்பதாம் நாள் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினேன். கடகடவென்று ஆடியது.

அவர் வந்ததும் சாயாகூடக் கொடுக்காமல் அவர் காதருகே குலுக்கிக் காட்டினேன்.

"எப்படி உணக்கி வெச்சிருக்கேன் பாத்தீங்களா? ஒண்ணுல பூஞ்சணம் உண்டா?"

அவருக்கும் ஒரே சந்தோஷம். "உன்னை மாதிரி ஆரு செய்வா" என்றார். அந்த விதையின் சுபாவம் எனக்குத் தெரியாததுபோலவே அவருக்கும் தெரியாது. மரத்தை வெட்டி உரிக்கிற வரை அவர் ஆதியோடந்தமாகச் சொல்வார், அதன் பிறப்பைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உடைந்த தேயிலைப் பெட்டிகளில் மண் நிரப்பி எல்லாவற்றையும் ஊன்றினோம். ஒரு மாதம் ஆயிற்று. ஆவணி வந்தது. ஓணத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வரை எதுவும் தலைகாட்டவில்லை. நான் மண்ணைக் குறை சொன்னேன், தண்ணீரில் உப்பு என்றேன், பக்கத்து வீட்டுக் கோழி கிளறியிருக்கும் என்று அவர்களோடு சண்டைக்குப் போனேன். கடைசியில் ஒன்றைத் தோண்டி உடைத்துப் பார்த்தேன். உள்ளே கறுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

அன்றைக்குத்தான் கிணற்றடிக்குப் பின்னால் குப்பை வாரப் போனேன். நான் வீசிய அந்தச் சாக்கு, மழையில் ஊறி அழுகி அங்கேயே கிடந்தது. அதன் மூலையில் என் கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு விதைகள் வெடித்து, சாக்கு இழைகளுக்கு நடுவே வேர் விட்டு, சிவப்பாக இலை பிரித்து நின்றன. நான் ஒன்பது நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவை எல்லாம் செத்துப்போயின. நான் திரும்பிப் பார்க்காதவை முளைத்திருந்தன. அவரிடம் காட்ட வேண்டும் என்ற பதற்றத்தில் சாக்கை விலக்காமல் செடிகளைப் பிடித்து இழுத்துவிட்டேன். இரண்டின் வேரும் அறுந்தது.

அறுந்த செடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் நான்தான் கொன்னுட்டேன்" என்றேன்.

அவர் அவற்றை வாங்கிப் பார்த்தார். "போட்டும், சாரமில்ல, பரவாயில்ல" என்றார். அவ்வளவுதான். ஒரு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனம் ஆறியிருப்பேன். அவர் திட்டாததுதான் என்னை வாட்டியது. பிறகு மலைக்குப் போனார், ரேஞ்சரைப் பார்த்தார், திரும்பி வந்தார். "ரேஞ்சர் என்ன சொன்னார்" என்று கேட்டதற்கு, "என்ன சொல்வார், முளைக்காதுன்னுதான் முன்னாடியே சொன்னாரே" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மரம் காய்க்கவில்லை. அந்த ஜாதி அப்படித்தானாம், வருஷா வருஷம் காய்க்காது. அதற்கடுத்த வருஷம் இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. மரம் கிளை கொள்ளாமல் பூத்திருக்கிறது என்பது ஒன்று. மழை ஓய்ந்ததும் கூப்பு திறக்கும், அதன் அடிமரத்தில் வெட்டு நம்பர் போட்டாயிற்று என்பது மற்றது.

"இந்தத் தடவை நானும் வர்றேன்" என்றேன்.

"அட்டை கடிக்கும்."

"கடிக்கட்டும். என் ரத்தம் குடிச்சா அதுக்குத்தான் வயித்து வலி."

படகில் எறணாகுளம், அங்கிருந்து பஸ்ஸில் சாலக்குடி, பிறகு கம்பெனி லாரி, பிறகு நடை. நான் பிறந்ததிலிருந்து சமதரையில் நடந்தவள். வழுக்கி விழுந்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரையும் அந்த மரத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினேன். ஓர் ஓடையைத் தாண்டியதும் அவர் நின்றார். ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

நான் பேசுவதை நிறுத்தினேன். அப்படி நான் நிறுத்துவது வழக்கமில்லை. மரத்தின் தோல் வழவழவென்று சாம்பல் வெள்ளையாக இருந்தது. அங்கங்கே வட்டம் வட்டமாகப் பாசி. நாலு பேர் கைகோத்தாலும் எட்டாது. கண்ணால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், ஏறிக்கொண்டே இருக்கலாம். வளைவு கிடையாது, கொப்பு கிடையாது, தடுமாற்றம் கிடையாது. எங்கேயோ மேலே, மற்ற மரங்கள் எல்லாம் முடிந்துபோன பிறகு, அது தன் முதல் கிளையை விரித்தது. மழை நின்றிருந்தது, ஆனால் அதன் அடியில் மட்டும் பெய்துகொண்டிருந்தது. அவ்வளவு உயரத்து இலைகளிலிருந்து தண்ணீர் இறங்கி வர அத்தனை நேரம் ஆயிற்று. வெட்டுப்பட்ட ஓரிடத்தில் குங்கிலியம் வடிந்து உறைந்திருந்தது. நான் உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தேன். இவர் பேசியதெல்லாம் குறைவு என்று தோன்றியது. என் கண் மட்டத்திலேயே அடிமரத்தைச் செதுக்கித் தாரில் நம்பர் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கீழே சருகு முழுக்க விதை. பலவற்றில் ஏற்கனவே வெள்ளையாக வேர்முனை எட்டிப் பார்த்தது. விழுந்த அன்றே முளைக்கத் தயாராகிற அவசரம் அவற்றுக்கு. ஈரம் போய்விட்டால் உயிர் போய்விடும் என்பது அப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது. வேர் ஒடியாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஈரச்சருகும் பாசியும் இடையிடையே வைத்து சாக்கில் அடுக்கினோம். அங்கேயே நட்டால் பன்றியும் முள்ளம்பன்றியும் விடாது, மழைக்காலத்தில் காவலுக்கும் ஆள் கிடையாது. அதனால் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். பஸ்ஸில் சாக்கை என் மடியில் வைத்துக்கொண்டேன். சேலை நனைந்து, பக்கத்தில் இருந்த அம்மாள் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நான் செய்த வேலையை என் அப்பா இருந்து பார்த்திருந்தால் என்னைப் பெற்றதற்கே வருத்தப்பட்டிருப்பார். சமையலறையின் இருட்டு மூலையில் சாக்கை வைத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் தெளித்தேன். மழைக்காலத்தில், ஜாதிக்காய் உணங்குகிற அடுப்படியில், நானே ஈரத்தை வளர்த்தேன். ஒவ்வொரு தடவையும் கை தயங்கும். பூஞ்சணம் பிடித்தால் துடைத்துவிட்டு மறுபடியும் தெளிப்பேன்.

சேட்டின் மானேஜர் ஜாதிக்காய் பார்க்க வந்தார். மூலையில் சொட்டிக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"மரத்து விதை. ஈரமா இருந்தாத்தான் பிழைக்கும்."

"ஈரச்சாக்கு வெச்ச வீட்ல சேட்டோட சரக்கு எப்படி உணங்கும்?" என்றார். மறுநாள் இரண்டு கூலிகள் வந்து ஜாதிக்காய் முழுவதையும் வாரிக்கொண்டு போனார்கள். தெருவே பார்த்தது. அவளுக்குக் கைப்பக்குவம் போய்விட்டது என்று பேசினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனாலும் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கத் தவறவில்லை.

விதைகள் பிளந்தன. தேயிலைப் பெட்டிகளில் மக்கிய இலை நிரப்பி, கிணற்றடி நிழலில் வரிசையாக வைத்து நட்டோம். ஒரு வாரத்தில் முதல் தளிர் வந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு, பட்டுத்துணி மாதிரி தொங்கும். சில அழுகின, சிலவற்றை எலி கொண்டுபோயிற்று. மார்கழி பிறந்தபோது நாற்பத்தொரு செடி முழ உயரத்துக்கு நின்றன. எனக்கு அவற்றை எண்ணுவதே வேலையாகப் போயிற்று.

கூப்பு திறப்பதற்கு முந்தின வாரம், பெட்டிகளைக் கம்பெனி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் இறக்கி வைத்தோம். ரேஞ்சர் வெளியே வந்தார். உயரமான மனிதர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தார். இரண்டு செடியை வேரோடு எடுத்தும் பார்த்தார், காட்டில் தானாக முளைத்ததைப் பிடுங்கி வந்திருக்கிறோமோ என்ற சந்தேகத்தில். விதையின் ஓடு இன்னும் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, வேர்கள் பெட்டியின் வடிவத்துக்கே வளைந்து வளர்ந்திருந்தன.

"ஒப்பிச்சுட்டேடோ, சாதிச்சுட்டே" என்றார் என் கணவரிடம். "அன்னிக்கு என்ன சொன்னே? படகுல என்ஜின் பக்கத்துல வெச்சு மறந்துட்டேன், எல்லாம் வெந்து போச்சுன்னு சொன்னே இல்லையா? இந்தத் தடவை கவனமாக் கொண்டு போயிருக்கே."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பெட்டியில் ஏதோ சருகு பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டார். அந்தப் பொய் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கேயோ மலைமேல், என்னை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம், என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மறதிக்காரன் என்ற பெயரோடு இரண்டு வருஷம் இருந்திருக்கிறார்.

"சாரே, என்ஜினும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றேன். "உணக்கினது நான். அடுப்புக்கு மேல ஒன்பது நாள் வெச்சு, குலுக்கினா சத்தம் வர்ற வரைக்கும் உணக்கினேன். அதான் செத்துப்போச்சு."

ரேஞ்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உணக்கினாத்தானே விதை கெடாம இருக்கும்? நாங்களும் சிமெண்டுத் தரையில நல்லா உணக்கித்தான் சாக்குல போட்டு அனுப்பறோம்."

"அதான் உங்களுக்கும் முளைக்கல. மட்டாஞ்சேரியில என்னைவிட நல்லா உணக்கறவங்க ஆருமில்ல சாரே. என் கையிலயே பிழைக்காதது உங்க சிமெண்டுத் தரையிலயா பிழைக்கப் போகுது?"

பக்கத்தில் நின்ற பாரஸ்ட் கார்டு ஒருவன் சிரித்துவிட்டான். ரேஞ்சர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய ரிஜிஸ்டரை எடுத்து வந்து, "எத்தனை நாளுக்குள்ள நடணும், எப்படி வெச்சே, ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். நான் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே எழுதினார். பிறகு பெயிண்ட் டப்பாவோடு எங்களுடன் கிளம்பினார். மரத்தடியில் தார் நம்பரைக் கார்டு கத்தியால் சுரண்டி எடுத்தான். அடிமரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுந்தது. முழுச் சுற்றுக்கு ஒரு டப்பா போதாமல் இன்னொன்று கொண்டுவர ஆளனுப்ப வேண்டியதாயிற்று. எங்கள் செடிகளை ஓடைக்கரை நிழலில் நட இடம் காட்டினார் ரேஞ்சர். எல்லாவற்றையும் நட்டு முடிக்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

லாரிக்கு நடந்து இறங்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்காக அப்படி ஒரு பொய் சொன்னீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா அவரு அன்னிக்கே புரிஞ்சிருப்பாரே. இரண்டு வருஷம் வீணாப் போச்சே!"

வழியில் கிடந்த ஒரு கொப்பை அவர் காலால் ஒதுக்கிவிட்டார்.

"அது எனக்கும் தெரியும்" என்றார். "ஆனா, நீ உணக்கின சரக்கு கெட்டுப்போச்சுன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

அந்த மரத்தைவிட அவருக்குப் பெரிதாக ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. லாரி டிரைவர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.